அட்வான்ஸ் கொடுத்தாச்சு. சரி, எதற்கு?

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தாலும், தி.நகரில் தை முகூர்த்தத்துக்கு மண்டபம் பேசினாலும், அடையாறில் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்க முடிவு செய்தாலும், வீட்டுக்கு வந்து நாம் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "அட்வான்ஸ் கொடுத்தாச்சு." கேட்டவருக்கும் நிம்மதி. இனி எதிராளி பின்வாங்க மாட்டார், காரியம் பாதி முடிந்தது. ஆனால் இந்த மூன்று இடத்திலும் கைமாறிய பணம் மூன்று வகை. வீட்டுக்காரரிடம் போனது, காலி செய்யும்போது திரும்பி வரவேண்டிய பணம். மண்டபத்தில் கட்டியது, வாடகைக் கட்டணத்தில் ஒரு பகுதி. ஃபிளாட்டுக்குக் கொடுத்தது, நாம் பேச்சு மாறினால் பறிபோகக்கூடிய பணம். எல்லாம் நல்லபடியாக நடக்கிறவரை இந்த வித்தியாசத்தைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. யாராவது ஒருவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றாத அன்றுதான் ரசீதை எடுத்துப் பார்ப்போம். அதில் 'அட்வான்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஒப்பந்தம் முறியும்போது இந்த ஊரில் நடக்கிற சண்டைகளை, யார் மீறினார் என்ற சண்டையாகவே நாம் பார்க்கிறோம். என் கணிப்பில் அவற்றில் முக்கால்வாசி, அந்தப் பணத்துக்கு என்ன பெயர் என்று முதலிலேயே பேசிக்கொள்ளாததால் வருகிறவை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

தமிழில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. மாடு பிடிக்கும்போதும் நிலம் பேசும்போதும் பேச்சை உறுதி செய்யக் கொடுப்பது அச்சாரம். கொடுத்தவர் பின்வாங்கினால் அது போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு பொறுப்புக்குப் பிடிமானமாக வைப்பது ஈடு. பொறுப்பு தீர்ந்ததும் மீட்டுக்கொள்ளலாம். கூலியிலோ விலையிலோ ஒரு பங்கை முன்கூட்டியே தருவது முன்பணம். பெருந்தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்க விடுவது ஒத்தி அல்லது போக்கியம். (இதைச் சென்னையில் 'லீஸ்' என்கிறோம். சட்டப்படி எல்லா வாடகையுமே லீஸ்தான் என்று வழக்கறிஞர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.) இந்த நான்கையும் 'அட்வான்ஸ்' விழுங்கிவிட்டது. ஆங்கிலத்திலும் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. நாம் இரவல் வாங்கியது அதிலேயே மிகவும் வழவழப்பான ஒன்றை. முன்னால் கொடுத்த பணம் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. எதற்காக முன்னால், எந்த நிபந்தனையில் திரும்ப, எந்தத் தவறுக்குப் போகும் என்று ஒரு வார்த்தை கிடையாது.

சொல் என்னவாக இருந்தால் என்ன, சட்டத்துக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், அதுதான் சிக்கலே. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் ரசீதில் உள்ள பெயரைப் பார்ப்பதில்லை, அந்தப் பணம் என்ன வேலை செய்தது என்று பார்க்கிறது. 1949-இல் டெல்லியில் ஒரு பங்களா 1,12,500 ரூபாய்க்குப் பேசப்பட்டது. வாங்குபவர் 1,000 ரூபாய் அச்சாரமும், வீட்டைக் கையில் எடுத்தபோது 24,000 ரூபாயும் கொடுத்தார். அவர் தவறினால் மொத்தம் 25,000 ரூபாயும் போய்விடும் என்று ஒப்பந்தம் தெளிவாகவே சொன்னது. ஃபதே சந்த் வழக்கு என்று பெயர்பெற்ற அந்த விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 25,000-ஐ இரண்டாக வெட்டியது. 1,000 அச்சாரம், விற்பவர் வைத்துக்கொள்ளலாம். 24,000 விலையின் பகுதி. அதைப் பறிப்பது அபராதம், 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் ஒரு காசு எடுக்க முடியாது. ஒரே பத்திரம், ஒரே ஷரத்து, ஒரே கையெழுத்து. பணத்தின் வேலை வேறு என்பதால் தீர்ப்பு வேறு. 1969-இல் வந்த மௌலா பக்ஷ் வழக்கு இன்னும் சுவாரசியம். ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் கோழி, முட்டை, மீனும் தருவதாக ஒப்புக்கொண்டு 10,000, 8,500 என்று இரண்டு தொகைகளைக் கட்டியவர் ஒழுங்காகச் சரக்கு அனுப்பவில்லை. தவறு அவர் பக்கம்தான். ஆனாலும் அவர் கட்டியது ஈட்டுத்தொகை, அச்சாரமில்லை என்றது நீதிமன்றம். உருளைக்கிழங்குக்குச் சந்தை விலை உண்டு, நஷ்டத்தைக் கணக்குப் போட முடியும், போட்டுக் காட்டாமல் அரசு அந்தப் பணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தை மீறியது ஒரு விஷயம், அதற்காகப் பணம் போவது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக்குவது நம் பேச்சு வழக்கம்தான்.

இதை இப்போது மயிலாப்பூர் வாடகை வீட்டுக்குக் கொண்டுவருவோம், ஏனென்றால் குழப்பம் அதிகம் அங்கேதான். சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் பிரசித்தம். ஆச்சரியம் என்னவென்றால், 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு அனுமதித்தது ஒரே ஒரு மாத வாடகையைத்தான். ஏறக்குறைய அறுபது வருஷம் அந்தச் சட்டம் ஒரு மாதம் என்றது, ஊர் பத்து மாதம் என்றது, ஊர் ஜெயித்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-வது பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை வாங்கக் கூடாது என்கிறது. கூடவே, 'மாறான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்று ஒரு வாலையும் வைத்திருக்கிறது. பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் அதுவே மாறான ஒப்பந்தம். ஆகவே தொகையைப் பற்றிச் சண்டை போட்டுப் பிரயோஜனம் குறைவு. அந்தப் பிரிவின் அடுத்த வரிதான் முக்கியம்: வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரரின் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும். அதாவது இது ஈடு என்று சட்டமே பெயர் வைத்துவிட்டது. ஆனால் நடப்பது என்ன? "அடுத்த ஆள் வரட்டும், அவர் கொடுக்கும் அட்வான்ஸிலிருந்து தந்துவிடுகிறேன்." இந்த வாக்கியத்தைக் கேட்காத வாடகைதாரர் தென்சென்னையில் இருப்பாரா என்று சந்தேகம். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பொருளை யோசித்துப் பாருங்கள். பணத்தைத் திருப்பித் தரும் கடமைக்கு, ஒப்பந்தத்தில் எங்கும் இல்லாத ஒரு புது நிபந்தனையை, அதுவும் முன்பின் தெரியாத மூன்றாவது ஆள் கையில் இருக்கும் நிபந்தனையை, கடைசி நாளில் ஒரு தரப்பு மட்டும் சேர்க்கிறது. ஈடாக வாங்கியதைக் கைமாற்றுக் கடனாகச் செலவழித்துவிட்ட கதை இது. 20,000 ரூபாய் வாடகைக்கு 2 லட்சம் அட்வான்ஸ் என்று வைத்துக்கொண்டால், 6 சதவீத வட்டியில் வருஷத்துக்கு 12,000, மாதத்துக்கு 1,000. உண்மையான வாடகை 21,000 என்று இரண்டு பேரும் தெரிந்து பேசியிருந்தால் தவறில்லை. யாரும் அப்படிப் பேசுவதில்லை.

வெள்ளையடிக்கும் பிடித்தமும் இதே வகைதான். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை 'பெயின்டிங்' என்று கழிப்பது ஊர் வழக்கம். 2017 சட்டத்தின் அட்டவணை, வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் வீட்டுக்காரரின் பொறுப்பாகவே போட்டிருக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது வாடகைதாரருடையது. ஆகவே ஒப்பந்தத்தில் பெயின்டிங் பற்றி ஒரு வரி இருந்தால் அது நிபந்தனை, கழிக்கலாம். இல்லையென்றால் அது வெறும் பழக்கம். அதே போல நோட்டீஸ். இரண்டு மாத நோட்டீஸ் என்று ஒப்பந்தம் சொல்லும். "பரவாயில்லை, இந்த மாதக் கடைசியிலேயே காலி பண்ணிக்கோங்கோ, என் பெண் வரப்போகிறாள்" என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டு, கணக்குத் தீர்க்கும்போது ஒரு மாதத்தைப் பிடிப்பதும் நடக்கிறது. இங்கே ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவு கைகொடுக்கும். தனக்கு வரவேண்டிய கடமையை ஒருவர் தாமாகவே விட்டுக்கொடுக்கலாம், அதற்கு எதிர்ப்பலன் எதுவும் தேவையில்லை. ஆங்கிலேயச் சட்டத்தில் இவ்வளவு தாராளம் கிடையாது. விட்டுக்கொடுத்ததும் கடமை தீர்ந்தது. பிறகு அதை மீறினீர்கள் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த அந்த ஒரு வரியை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

வீட்டுக்காரர் தரப்பில் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, அதைக் கேட்காமல் எழுதினால் இது வாடகைதாரர் சங்கத் துண்டுப் பிரசுரமாகிவிடும். பத்து மாத அட்வான்ஸ் பேராசையால் மட்டும் பிறந்ததில்லை. பழைய சட்டத்தின் கீழ் ஒருவரைக் காலி செய்யவைக்க வழக்கு, மேல்முறையீடு, சீராய்வு என்று வருஷங்கள் ஓடின. ஓய்வூதியத்தோடு இந்த ஒரு வாடகையை நம்பி இருக்கும் வயதான தம்பதிக்கு, வாடகை தராமல் உட்கார்ந்துவிட்ட குடித்தனக்காரர் என்பது கெட்ட கனவு. அந்தக் கனவுக்கு எதிரான இன்ஷூரன்ஸ்தான் பத்து மாதம். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், இன்ஷூரன்ஸ் என்று சொன்ன உடனேயே அவர் அதை ஈடு என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பயந்த ஆபத்து வராமல், வாடகை பாக்கியில்லாமல், சாவி கைக்கு வந்த நாளில் ஈட்டின் வேலை முடிந்துவிடுகிறது. சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கைமாறவேண்டிய பரஸ்பர வாக்குறுதிகள் என்று எழுதிக்கொண்டால் இன்னும் சுத்தம்: ஒப்பந்தச் சட்டத்தின் 51-வது பிரிவின்படி, மற்றவர் தன் பங்குக்குத் தயாராக இல்லாதபோது நானும் நிறைவேற்ற வேண்டியதில்லை. அப்படி எழுதாத நிலையில் வாடகைதாரர் முதலில் சாவியைக் கொடுத்துவிட்டு, பிறகு பணத்துக்காகப் போன் செய்துகொண்டே இருக்கிறார்.

மண்டபத்துக்கு வருவோம். கல்யாணத்தில் காலம்தான் எல்லாம். முகூர்த்தம் தாண்டிக் கிடைக்கிற மண்டபம் இருப்பதும் இல்லாததும் ஒன்று. 55-வது பிரிவு சொல்கிற 'காலமே ஒப்பந்தத்தின் சாரம்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்தச் சட்டப் புத்தகமும் தர முடியாது. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது, சித்திரை வைகாசி முகூர்த்தங்களுக்குப் பேசப்பட்ட மண்டபங்கள் எல்லாம் ஒரே நாளில் பூட்டப்பட்டன. யாரும் மீறவில்லை, கடமையை நிறைவேற்றுவதே சட்டப்படி முடியாமல் போனது. 56-வது பிரிவின்படி ஒப்பந்தம் செல்லாததாகிறது, இரண்டு பேரும் விடுதலை. கொடுத்த முன்பணம்? பல இடங்களில் கேட்ட பதில்: "வேற தேதிக்கு மாத்திக்கோங்க, பணமா தர முடியாது." 65-வது பிரிவின் பதில் வேறு. ஒப்பந்தம் செல்லாததாகும்போது அதன் கீழ் பெற்ற பலனைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது அது. அதற்குச் சட்டமே தரும் உதாரணத்தைப் படித்தால் மயிலாப்பூர்க்காரர்கள் சிரிப்பார்கள்: ஒரு கச்சேரியில் பாட 1,000 ரூபாய் முன்கூட்டியே வாங்கிய பாடகருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடுகிறது. கச்சேரி நடந்திருந்தால் அமைப்பாளருக்குக் கிடைத்திருக்கும் லாபத்தை அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை, ஆனால் 1,000 ரூபாயைத் திருப்பித் தரவேண்டும். இது எழுதப்பட்டது 1872-இல், மார்கழி சீசன் என்ற ஒன்று பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால்.

இங்கிலாந்தில் அப்போது இவ்வளவு தெளிவு இல்லை. 1902 ஜூனில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பார்க்க லண்டனில் ஜன்னலோர அறைகளை ஏகப்பட்ட விலைக்குப் பேசியிருந்தார்கள். ராஜாவுக்கு உடம்புக்கு முடியாமல் ஊர்வலம் நின்றது. சாண்ட்லர் எதிர் வெப்ஸ்டர் வழக்கில் 141 பவுனும் சில்லறையும் பேசி 100 பவுன் கட்டியிருந்தவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஊர்வலம் நிற்பதற்கு முன்பே கட்டவேண்டிய தவணை அது என்பதால், கொடுத்ததும் திரும்ப வராது, மீதியையும் கட்டு என்று 1904-இல் தீர்ப்பு. இழப்பு விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்ற அந்த விதியை அவர்கள் மாற்றிக்கொள்ள 1942 வரை ஆனது. நாம் அந்த நாட்டின் சட்டத்தை அப்படியே வாங்கிக்கொண்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் நம் சட்டப் புத்தகம் அவர்களுக்கு எழுபது வருஷம் முன்னால் இருந்தது. நம் மண்டப ரசீதுகளில் அடியில் அச்சடித்திருக்கும் 'எக்காரணம் கொண்டும் அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது' என்ற வரி மட்டும் 1904 லண்டனில் நின்றுவிட்டது. சரி, ஊரடங்கு இல்லாத சாதாரண நாளில், பெண் வீட்டாரே கல்யாணத்தை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டால்? அது மீறல்தான், மண்டபத்துக்கு இழப்பீடு நியாயம். ஆனால் எவ்வளவு? அதே முகூர்த்தத்துக்கு வேறொருவர் அதே கட்டணத்தில் எடுத்துவிட்டால் நஷ்டம் எங்கே? 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் நீதிபதி ரோஹின்டன் நாரிமன் எழுதிய தீர்ப்பு இதற்குப் பொருந்தும். டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982-இல் ஒரு மனையை 3.12 கோடிக்கு ஏலம் விட்டு, வாங்கியவர் கட்டிய 78 லட்சத்தைப் பின்னால் பறித்துக்கொண்டது. பிறகு அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. நஷ்டமே படாதவருக்கு இழப்பீடு என்ற பெயரில் பணம் கிடையாது, திருப்பிக் கொடு என்றது நீதிமன்றம்.

அடையாறு ஃபிளாட் விஷயத்தில் கதை திரும்புகிறது. இங்கே அச்சாரத்துக்குப் பல் இருக்கிறது. 70 லட்சம் விலை பேசி 7 லட்சம் அச்சாரம் கொடுத்து, வாங்குபவர் தவறிய ஒரு வழக்கில், முழு 7 லட்சத்தையும் விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணம், ஒப்பந்தம் அதை அச்சாரம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அதனால் 'டோக்கன் அட்வான்ஸ்' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்துவிட்டு, அது எந்த வகை என்று தெரியாமல் இருப்பது இரண்டு பக்கமும் ஆபத்து. அதைவிடப் பெரிய குழப்பம் காலக்கெடுவில். கிரய ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தாலும், அசையாச் சொத்தில் காலம் சாரமில்லை என்ற பழைய விதியை நம்பி, 'மெதுவாகப் பார்க்கலாம்' என்று இருப்பவர்கள் அதிகம். 1978-இல் மதுரையில் 60,000 ரூபாய்க்கு ஒரு வீட்டைப் பேசி 5,000 கொடுத்து ஆறு மாதக் கெடு வைத்த ஒருவர், இரண்டரை வருஷம் மௌனமாக இருந்துவிட்டு வழக்குப் போட்டார். 1997-இல் உச்ச நீதிமன்றம் அவரைக் கைவிட்டது. அந்தக் கெடுவுக்கு ஒரு அர்த்தம் இல்லாமல் எழுதியிருக்க மாட்டார்கள் என்பது அதன் வாதம். 2011 ஜூலையில் சாரதாமணி கந்தப்பன் வழக்கில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். செங்கல்பட்டுப் பக்கத்து நிலம், 1981-இல் 3,75,000 ரூபாய்க்குப் பேச்சு, ஒரு லட்சம் கையோடு, மீதி மூன்று தவணை. தவணை தவறியது. நிலத்தின் விலை பல வருஷம் அசையாமல் கிடந்த காலத்தில் பிறந்த விதியை, விலை தாவி ஏறுகிற நகரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது, அதை மறுபரிசீலனை செய்யும் நேரம் வந்துவிட்டது என்பது அவர் தீர்ப்பின் சாரம். சிறு தொகையைக் கொடுத்துவிட்டு விலை ஏறும்வரை காத்திருப்பது, விற்பவரின் சொத்தில் இலவசமாகச் சூதாடுவது. இந்தத் தீர்ப்பை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். 2018-இல் திருத்தப்பட்ட குறித்தவகை நிவாரணச் சட்டம், ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்வதை நீதிபதியின் விருப்பத்திலிருந்து பெருமளவு விதியாக மாற்றியிருக்கிறது. ஆனாலும், தான் எப்போதும் தயாராக இருந்ததை வாங்குபவர் காட்டியாகவேண்டும்.

கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. 'இவ்வளவும் ஏட்டுச் சுரைக்காய். 1981-இல் பேசிய நிலத்துக்கு 2011-இல் தீர்ப்பு. யார் கையில் பணம் இருக்கிறதோ அவர்தான் ஜெயித்தவர். 65-ஆவது பிரிவு, 74-ஆவது பிரிவு என்று பேசி என்ன பயன்?' இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, இருப்பதாக நடிக்கவும் விருப்பமில்லை. 50,000 ரூபாய்க்காக யாரும் உயர் நீதிமன்ற வளாகத்தில் வருஷக்கணக்கில் நடக்கப் போவதில்லை. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. வழக்கு மெதுவாக இருக்கிற ஊரில் தகராறே வராமல் தடுப்பதற்கு மதிப்பு கூடுதல், அது ரசீதில் எழுதும் ஒரு வரியில் இருக்கிறது. பெயர் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்திய இடங்களைப் பாருங்கள். தி.நகர் நகைக்கடைகளின் மாதச் சீட்டு பெரும்பாலும் 11 மாதத்தில் முடிவது ஏன்? சரக்குக்கு வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் சரக்காக நேர்செய்யாவிட்டால், 2014-ஆம் ஆண்டு கம்பெனி விதிகளின்படி அது வைப்புத்தொகையாகிவிடும். வைப்புத்தொகை வாங்கக் கட்டுப்பாடுகள் அதிகம். முன்பணம், வைப்புத்தொகை என்ற இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு கோடு கிழித்ததும், வாடிக்கையாளர் எத்தனை மாதம் கட்டி எப்போது நகை எடுக்கவேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. புது ஃபிளாட்டுகளில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. பழைய வீட்டுக் கிரய ஒப்பந்தத்தையும் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் பதிவு செய்தாகவேண்டும். பதிவு செய்யாவிட்டாலும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம், ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. அதை நம்பிப் பதிவைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனமில்லை. இன்னொரு கொக்கி: வீட்டை எழுதித் தரச்சொல்லி வழக்குப் போடுகிறவர், அது கிடைக்காவிட்டால் அட்வான்ஸையாவது திருப்பித் தாருங்கள் என்று மனுவிலேயே கேட்கவேண்டும். கேட்காதவருக்கு அது கிடையாது என்று 2022 டிசம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது.

'கையெழுத்துப் போட்டாச்சு, பிறகென்ன பேச்சு' என்பது இன்னொரு தரப்பு. சுதந்திரமாகப் பேசி ஒப்புக்கொண்ட இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நீதிமன்றம் ஏன் நுழையவேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் அனுதாபம் உண்டு. சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லாவிட்டால் வியாபாரம் நடக்காது. ஆனால் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பது பேசி ஒப்புக்கொண்ட சொல் என்று யாராவது நம்புகிறார்களா? மேஜைக்கு இந்தப் பக்கம் பேசியதெல்லாம் தேதி, தொகை, ஏசி ஹாலா, வைப்பறை எத்தனை என்பதுதான். முறிந்தால் என்ன என்பதைப் பேச நமக்குக் கூச்சம். நல்ல காரியம் பேசும்போது அபசகுனமாக எதையாவது கேட்பானேன் என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். வயதான வீட்டுக்கார மாமியிடம் 'எந்தத் தேதியில் திருப்பித் தருவேள்' என்று கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்று தயக்கம். என் பார்வையில் இது தலைகீழ். உறவு நன்றாக இருக்கிற முதல் நாளில் கேட்டால் அது விசாரிப்பு. கசந்துபோன கடைசி நாளில் கேட்டால் அதுதான் சந்தேகம். அச்சாரம், ஈடு என்று வார்த்தை வைத்துப் பேசியவர்கள் ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லையே.

ஆகவே அடுத்த முறை ஜிபேயில் பணம் அனுப்பும்போது குறிப்புப் பெட்டியில் 'அட்வான்ஸ்' என்று தட்டிவிட்டு நகராதீர்கள். வாடகை வீடென்றால் 'பிணைத்தொகை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திரும்ப' என்று எழுதுங்கள். மண்டபமென்றால் 'கட்டணத்தில் ஒரு பகுதி' என்று எழுதி, வேறொருவர் அதே தேதியை எடுத்தால் என்ன கணக்கு என்று அப்போதே கேளுங்கள். வீடு வாங்குவதென்றால் எவ்வளவு அச்சாரம், எவ்வளவு விலையின் பகுதி என்று இரண்டு எண்ணாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே காலி செய்யும் கட்டத்தில் இருப்பவர்கள், 2017 சட்டத்தின் 11-வது பிரிவை ஒரு நகல் எடுத்துச் சாவிக்கொத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். அரைப் பக்கம்கூட இருக்காது.